சாளக்கிராமத்துக்குள் இருப்பது யார்?

வணக்கம் ஐயா,

எங்கள் வீட்டுப் பூஜையில் நான்கு தலைமுறையாக ஒரு சாளக்கிராமம் இருக்கிறது. வஜ்ரகீடம் என்ற புழு கல்லைக் குடைந்து உள்ளே சக்கரத்தை எழுதியது என்று மாமியார் சொல்வார். புவியியல் படிக்கும் என் மகன், அது செத்துப்போன கடல் பிராணியின் தடம், கதையெல்லாம் பொய் என்கிறான். அதிலிருந்து திருமஞ்சனம் செய்யும்போது கை தயங்குகிறது. எதை நம்புவது?

ஒரு வாசகி

வணக்கம் அம்மா,

கடல் பிராணி என்று உங்கள் மகன் சொல்வது சரிதான். கதையெல்லாம் பொய் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சக்கரமாகத் தெரிவது அம்மோனைட். கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு, சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்தது, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இனமே அழிந்துபோனது. சாளக்கிராமங்களாக நேபாளத்தில் காளி கண்டகி ஆற்றில் கிடைப்பவை அதற்கும் வெகுகாலம் முந்தியவை. அவை வாழ்ந்தபோது இமயமலை கிடையாது, அங்கே டெதிஸ் என்ற கடல்தான். செத்த பிராணி கடலடிச் சேற்றில் புதைந்து அழுகும்போது, அதைச் சுற்றியிருக்கும் சேற்றுநீரின் தன்மை மாறுகிறது; நீரில் கரைந்திருந்த தாதுக்கள் அந்த இடத்தில் மட்டும் படிந்து, சேற்றுத் துகள்களைக் காரை மாதிரி இறுகப் பிடித்துக்கொள்கின்றன. மற்ற சேறெல்லாம் மேலே சேர்ந்த பாரத்தில் நசுங்கித் தகடுதகடான ஷேல் பாறை ஆகிவிட, இந்த உருண்டை மட்டும் நசுங்காமல் நின்றது. ஓட்டின் வரிகள் இன்றைக்கும் அழியாமல் தெரிவதற்கு அதுதான் காரணம். அப்புறம் இந்திய நிலம் ஆசியாவோடு மோதிக் கடலடி மலையானது, ஆறு மெத்தென்ற ஷேலை அரித்துக் கொண்டுபோய்விட்டு, கெட்டியான உருண்டைகளைத் தன் படுகையில் உருட்டிக்கொண்டிருக்கிறது. சிலவற்றில் பைரைட் என்ற இரும்புத் தாது பொன்னாக மின்னும்.

இனி மாமியாரின் புழுவுக்கு வருகிறேன். உங்கள் கல்லை ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுருள் நெடுக மேடும் பள்ளமுமாக வரிகள், வரிசையாகப் பல் பட்ட மாதிரியே இருக்கும். ஒரு பக்கம் வாய் திறந்திருந்தால், ஏதோ ஒன்று உள்ளே புகுந்து குடைந்தது போலத்தான் தோன்றும். அந்தக் கதையை முதலில் சொன்னவர் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருக்க வேண்டும். புதைபடிவம் என்ற சொல்லே இல்லாத காலத்தில், இந்தக் கல்லுக்குள் ஓர் உயிர் இருந்தது என்று கண்டுகொண்டாரே! கல்லும் உயிரும் வந்த வரிசையைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்.

இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் இதே அம்மோனைட்டை, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித ஹில்டா கல்லாக்கிய பாம்புகள் என்றார்கள். தலை இல்லையே என்று கேட்பார்கள் அல்லவா, அதற்காகவே அங்கே பாம்புத் தலை செதுக்கி விற்றிருக்கிறார்கள். நியூசிலாந்தின் மோயராகி கடற்கரையில் இரண்டு மீட்டர் விட்டம்வரை உருண்டைப் பாறைகள் கிடக்கின்றன. அவையும் சேற்றுக்குள் தாது கட்டி வளர்ந்தவைதான். உடைந்துபோன அராய்தெயூரு என்ற ஓடத்திலிருந்து கரை ஒதுங்கிய மீன்கூடைகளும் சுரைக்குடுக்கைகளும் என்பது மாவோரி மக்களின் மரபு. தங்கள் முன்னோர் கடல் கடந்து வந்த நினைவை அந்தப் பாறைகளில் வைத்திருக்கிறார்கள், அதைப் பொய் என்று தள்ள எனக்கு வாய் வராது.

நம் மரபில் எனக்கு மிகவும் பிடித்தது, சாளக்கிராமத்தில் உளி படக்கூடாது, அதற்குப் பிரதிஷ்டையும் வேண்டாம் என்பது. ஆற்றில் எப்படிக் கிடைத்ததோ அப்படியே பெருமாள். திருமங்கையாழ்வார் ‘சாளக்கிராமம் அடைநெஞ்சே’ என்று பாடிய தலமாக வைணவர்கள் கொண்டாடும் முக்திநாத் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கடல் பிராணி கிடைக்கிறது என்பதை அறிந்தபோது என் பக்தி குறையவில்லை, கூடியது.

அதனால் தயங்காமல் திருமஞ்சனம் செய்யுங்கள். உள்ளே பார்க்கிறேன் என்று மகன் அதை உடைக்க மட்டும் விடாதீர்கள். அம்மோனைட்டை அருகில் பார்க்க அரியலூர் பக்கம் வாரணவாசியில் அருங்காட்சியகமே இருக்கிறது, இருவரும் போய்வாருங்கள். அடுத்த முறை மகன் வரும்போது ஒரு நல்ல லென்ஸ் கொண்டுவரச் சொல்லி, சுருளில் எத்தனை வரிகள் என்று இருவருமாக எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.