நோக்கியா போனை விட்டது, பழைய போனுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: அப்பாவின் நோக்கியா சி2-01 போனில் 400-க்கும் மேல் எண்கள் உள்ளன. பேட்டரி உப்பிவிட்டது. நோக்கியா போன் தொழிலையே விட்டுவிட்டதாமே, யாரிடம் போவது? எண்களை ஆண்ட்ராய்டுக்கு மாற்ற முடியுமா?

பதில்: எண்களை மாற்றலாம். பொறுப்பேற்கத்தான் ஆளில்லை. 2013 ஆகஸ்டில், ஜெர்மனியின் சீமென்ஸுடன் சேர்ந்து நடத்திய நெட்வொர்க் கருவித் (செல்போன் டவர் சாதனங்கள்) தொழிலில் சீமென்ஸிடமிருந்த பாதிப் பங்கை 170 கோடி யூரோவுக்கு வாங்கி, அதை நோக்கியா முழுசாகத் தன்வசமாக்கியது. அடுத்த மாதமே போன் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு 544 கோடி யூரோவுக்குப் பேசி முடித்தது. 2014 ஏப்ரலில் அது கைமாறியது. வரி வழக்கில் சிக்கிய நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் போன் ஆலை விற்பனையில் சேராமல் நின்று, அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. 2016 கடைசியிலிருந்து வந்த 'நோக்கியா' போன்கள், பெயரை உரிமம் பெற்ற ஹெச்.எம்.டி. நிறுவனத்துடையவை. அவற்றுக்கு வாரண்டி கேட்க பெட்டியில் அச்சிட்ட தயாரிப்பாளர் பெயரைப் பாருங்கள். இன்றைய நோக்கியாவின் நெட்வொர்க் கருவி செல்போன் டவரில் இருக்கும், கடையில் இராது.

உங்களுக்குத் தெருமுனை சர்வீஸ் கடைதான் கதி. முதலில் பேட்டரி. மேசையில் மல்லாக்க வைத்துச் சுண்டினால் பம்பரம்போலச் சுழல்கிறதா? அப்படியானால் அது உப்பியதுதான். அதைச் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி உள்ளே திணிக்காதீர்கள். கேட்க வேண்டிய பெயர் பிஎல்-5சி: 3.7 வோல்ட், 1020 எம்.ஏ.ஹெச். அதே அளவில் '3000' என்று அச்சிட்டு விற்பது வெறும் ஸ்டிக்கர்.

புது பேட்டரி முழுச் சார்ஜ் ஆன பிறகே எண்களில் கை வையுங்கள். பேக்கப் நடுவில் போன் அணைந்தால் கோப்பு பாழாகிவிடும்.

எல்லோரும் செய்கிற தவறு, எல்லாவற்றையும் சிம்முக்குக் காப்பி பண்ணுவது. சிம்மில் பொதுவாக 250 பெயர்தான் கொள்ளும். ஒரு பெயருக்கு இரண்டு எண் இருந்தால் அவை ஒரே பெயரின் கீழ் சேர்ந்தும் வராது, நீளமான பெயரும் அறுந்துபோகும். அதற்குப் பதில் 4 ஜிபி மெமரி கார்டைப் போட்டு, மெனுவில் செட்டிங்ஸ், சிங்க் அண்ட் பேக்கப், கிரியேட் பேக்கப் என்று போய், கான்டாக்ட்ஸை மட்டும் தேர்ந்தெடுங்கள். சிம்மில் ஏற்கெனவே உள்ள எண்களை அதற்கு முன்பே போனுக்கு நகலெடுத்துவிடுங்கள்.

கார்டில் என்.பி.எஃப். (.nbf) என்று முடியும் கோப்பு கிடைக்கும். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், அது வேடம் போட்ட ஜிப் (.zip) கோப்பு, பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய மூட்டை. கணினியில் நகலெடுத்து, கடைசி எழுத்துகளை ஜிப் என்று மாற்றித் திறந்தால், அடுக்கடுக்கான ஃபோல்டர்களுக்குள் ஆளுக்கு ஒன்றாக வி.சி.எஃப். (பெயரும் எண்ணும் அடங்கிய) கோப்புகள் இருக்கும். அவற்றை ஒரே கோப்பாகச் சேர்த்து, ஆண்ட்ராய்டு போனில் உள்ள அதே கூகுள் கணக்கின் கான்டாக்ட்ஸில் இம்போர்ட் செய்யுங்கள். நோட்பேடில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சமக்குறியும் எண்ணுமாகத் தெரியும். திருத்தப் போகாதீர்கள், இம்போர்ட் ஆனதும் எழுத்தாகிவிடும்.

அந்த போனையே அப்பா தொடர்ந்து வைத்திருப்பதானால் ஜியோ சிம் எடுக்காது, அவர்களிடம் 2ஜி, 3ஜி கிடையாது. ஏர்டெல் 2020-லேயே 3ஜியை நிறுத்திவிட்டதால், அதில் 2ஜி பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும்தான் உருப்படியாக நடக்கும்.