மீன்பிடிச் சிநேகிதரின் பெட்டி

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

எனக்கு வயது 52. மனைவி, மகளோடு கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணத்து மயிலிட்டி. அப்பா கடல் தொழில் செய்தவர். 1990 இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பதினாறு வயது. அதற்குப் பிறகு பல வருஷம் வள்ளத்தில் கால் வைக்கவில்லை. திரும்ப வைக்கப் பண்ணியவர் என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர். போன நவம்பர் கடைசியில் அவர் இறந்துவிட்டார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். நான் மீன்பிடிக்கிற ஊர்க்காரன் என்று யாரோ சொல்லக் கேட்டு, பதினொரு வருஷத்துக்கு முன் என்னைக் கவார்த்தா ஏரிகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் தேடுவது மஸ்கி என்ற மீன் ஒன்றைத்தான். சீலா மாதிரி நீண்ட உடம்பு, வாத்துச் சொண்டு போன்ற வாய், வாய் நிறைய ஊசிப் பல். நாலு அடிக்கு மேலும் வளரும். பத்தாயிரம் தரம் தூண்டில் எறிந்தால் ஒன்று படும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. காரில் போகும்போது, 1988 இல் ஜோர்ஜியன் குடாப் பக்கம் மூன் ஆற்றில் 65 இறாத்தலில் ஒன்று பிடிபட்ட கதையை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார்.

கெட்டிக்காரர், அம்மா. எறிந்து சுற்றிக்கொண்டு வந்த இரையை நாங்கள் எல்லாம் உடனே தூக்கிவிடுவோம். அவர் தடியின் நுனியைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, படகோரத்தில் இரையை எட்டு வடிவில் இழுப்பார். மஸ்கி பின்னாலேயே வரும், கடைசி நிமிஷத்தில்தான் கவ்வும். கை வலித்தாலும், இருட்டினாலும், ஒரு எறியலில்கூட அவர் அந்த எட்டைத் தவறவிட்டதை நான் காணவில்லை. எனக்கு முதல் மீன் பட்டது மூன்றாம் வருஷம், பிஜன் ஏரியில். 44 அங்குலம். தூண்டில் முள்ளைக் கழற்றி, என் கையை வாலில் வைத்து, “பிடித்துக்கொண்டிரு, அது போக நினைக்கும்போது போகும்” என்றார். பிடித்த மீனை விடுவது எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் மீன் என்றால் அடுப்புக்கு, இல்லாவிட்டால் சந்தைக்கு. அது என் கையை உதறிவிட்டுப் போனபோது என்னை அறியாமலே சிரித்தேன்.

இறப்பதற்கு ஒன்பது நாள் முன், இந்த வருஷத்தின் கடைசித் தரமாகப் போவோமா என்று மெசேஜ் போட்டிருந்தார். எனக்கு ஓவர்டைம் இருந்தது. “அடுத்த வருஷம் பார்ப்போம்” என்று பதில் போட்டேன். பிறகு நித்திரையில் மாரடைப்பு.

செத்தவீட்டில் கடைசி வரிசையில் இருந்தேன். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அவருடைய மனைவி பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் காரில் வைத்தார். சிநேகிதர் மான்வால் மயிரில் தன் கையாலேயே கட்டிய இரைகள் அதற்குள் இருக்கின்றன. ஐந்து மாதமாகத் திறக்கவில்லை. வேலை இடைவேளையில் காருக்குள் போயிருந்து அழுகிறேன். இரவு மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது. மனைவி நல்லவள்தான். ஆனால் போன கிழமை, “உங்கள் அப்பா செத்தபோதுகூட நீங்கள் இப்படி அழவில்லையே” என்று கேட்டாள். உண்மைதான். 2008 இல் அப்பா போனார். சண்டையால் ஊருக்குப் போகும் பாதை பூட்டியிருந்தது. போனில் கேட்டேன். அடுத்த நாள் ஷிப்டுக்குப் போனேன்.

ஒரு சிநேகிதருக்காக இவ்வளவு அழுவது சரியா? எனக்கு ஏதாவது நோயா?

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர்

*

அன்புள்ள சகோதரருக்கு,

நோய் ஒன்றும் இல்லை. உங்களுக்கு இருப்பது துக்கம். ஆனால் அதைக் கொண்டாட உங்களுக்கு யாரும் இடம் தரவில்லை. கடைசி வரிசையில் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் கடிதத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். எங்கள் ஆட்களுக்கு எட்டுச்செலவு உண்டு, 31 ஆம் நாள் அந்தியேட்டி உண்டு. யார் எங்கே நிற்க வேண்டும், எத்தனை நாள் துடக்கு என்பதெல்லாம் முறையாக இருக்கிறது. சிநேகிதனுக்கு அதில் இடமில்லை. அவர்களுடைய சடங்கிலும் நீங்கள் பார்வையாளர்தான். கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1980களின் கடைசியில் இதற்கென்றே ஒரு பெயர் வைத்தார். ஊர் அங்கீகரிக்காத துக்கம் என்று அதைச் சொல்லலாம். ஊர் அங்கீகரிக்காவிட்டால் துக்கம் குறையாது. காருக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

உங்கள் மனைவி கேட்டதைக் குற்றச்சாட்டாக எடுக்காதீர்கள். அவர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். 2008 இல் நீங்கள் அழவில்லை என்பதற்காக அப்பா மேல் பாசம் இல்லை என்று ஆகாது. பாதை பூட்டிக் கிடந்தது, கொள்ளி வைக்கப் போக முடியவில்லை, விடிந்தால் ஷிப்ட். அழ எங்கே நேரம்? பிறகு ஒருவர் வந்து உங்களைத் திரும்பப் படகில் ஏற்றி, உங்கள் கையை மீனின் வாலில் வைத்தார். பதினாறு வயதில் விட்டுவந்த தண்ணீர் அவர் மூலம்தான் உங்களிடம் திரும்பி வந்தது. அவர் போனபோது அப்பாவும் சேர்ந்து போயிருப்பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா அழுகையையும் அப்பாவின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். என்னைப் போன்றவர்கள் அவசரப்பட்டுச் செய்கிற பிழை அது. உங்கள் சிநேகிதர் வேறு யாருக்கும் பதிலாக வந்தவர் இல்லை. இருட்டினாலும் அந்த எட்டைத் தவறவிடாத ஒரு மனிதர். அவருக்காகவே அழலாம்.

அந்த மெசேஜுக்கு வருகிறேன். பதினொரு வருஷம் என்கிறீர்கள். வருஷத்துக்கு ஆறு தரம் போயிருந்தாலே அறுபதுக்கு மேல் வருகிறது. போகாத அந்த ஒரு நாள்தான் இப்போது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு கொப்பியை எடுத்து, போன நாட்களை நினைவு வருகிறபடி எழுதுங்கள். எந்த ஏரி, என்ன காலநிலை, என்ன சாப்பிட்டீர்கள், ஒன்றும் படாமல் திரும்பி வந்த நாட்கள் உட்பட. “அடுத்த வருஷம் பார்ப்போம்” என்பது இன்னும் சேர்ந்து போகப்போகிற இரண்டு பேர் பேசும் பேச்சு. அவரும் அதை அப்படித்தான் வாசித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பிறகு அந்தக் கொப்பியோடு அவருடைய மனைவியைப் போய்ப் பாருங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். படகில் தன் கணவர் எப்படி இருந்தார் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அதைப் பக்கத்தில் இருந்து கண்டவர் நீங்கள். அந்தப் பெட்டியைத் தேடிவந்து உங்கள் காரில் வைத்தாரே, அது கதவைத் திறந்து வைத்த மாதிரி. போகும்போது வீட்டில் சமைத்த ஏதாவது கொண்டுபோங்கள்.

பெட்டியைத் தனியாக, இரவில் திறக்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து, மனைவியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு திறவுங்கள். கடைசியாகப் போன அன்று ஈரத்தோடு வைத்திருந்தால் முட்கள் கறள் பிடிக்கத் தொடங்கியிருக்கும். துடைத்து எண்ணெய் பூசுங்கள். கைக்கு வேலை இருக்கும்போது வாயும் திறக்கும். அப்பாவைப் பற்றியும் அப்போது கதைக்க வரலாம். வந்தால் கதையுங்கள்.

நித்திரையைப் பற்றிக் குடும்ப டொக்டரிடம் சொல்லுங்கள். ஐந்து மாதம் துக்கத்துக்கு நீண்ட காலம் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022 ஆம் ஆண்டு வரையறையில்கூட, பெரியவர்களுக்கு ஒரு வருஷம் கடந்த பிறகும் அன்றாட வாழ்க்கையே நின்றுபோகும் அளவுக்கு இருந்தால்தான் அதை நோயாகப் பார்க்கிறார்கள். ஆனால் நித்திரை இல்லாமல் உடம்பு தாங்காது. இனி இருந்து என்ன என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் உடனே 9-8-8 க்கு அழையுங்கள். கனடா முழுக்க இரவு பகலாக எடுப்பார்கள்.

கவார்த்தாவில் மஸ்கிக் காலம் ஜூன் முதல் சனி தொடங்கும். அன்றைக்கே போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதல் முறை தடியே இல்லாமல் பிஜன் ஏரிக் கரையில் போய் இருந்துவிட்டு வந்தாலும் போதும். மீனுக்கென்று போகும்போது தனியாகப் போகாதீர்கள். அவ்வளவு பெரிய மீனுக்கு வலை பிடிக்க, முள் கழற்ற இன்னொரு ஆள் வேண்டும். மகள் வருவாளா என்று கேட்டுப் பாருங்கள். வால் பக்கம் எப்படிப் பிடிப்பது என்று உங்களுக்குத் தெரியும்தானே.