ஓடியவர் உட்கார்ந்தால்... கூடைப்பந்து கேள்வி-பதில்

கேள்வி: ஆட்டத்தில் மேதை என்றால் பயிற்சி கொடுப்பதிலும் மேதையாகத்தானே இருக்க வேண்டும்? பிறகு ஏன் பெரிய வீரர்கள் பலர் பயிற்சியாளர் நாற்காலியில் சறுக்குகிறார்கள்?

பதில்: அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் பெரிய நட்சத்திரம் மேஜிக் ஜான்சன் 1994-ல், சீசன் முடியும் தறுவாயில், லேக்கர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 16 ஆட்டங்கள், 5 வெற்றி, 11 தோல்வி. கடைசிப் பத்தும் வரிசையாகப் போயின. பந்தை யாருக்கு, எந்த நொடியில் தருவது என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது கண்ணிலும் கையிலும் ஊறிய அறிவு. அதை வார்த்தையாக்கி, தன்னளவு திறமை இல்லாத இன்னொருவரின் காலுக்கும் கைக்கும் கொண்டுபோவது தனி வித்தை. இயல்பாக வந்தவருக்கு, வராதவர் எங்கே தடுக்குகிறார் என்பதே பல நேரம் தெரிவதில்லை.

அதே தலைமுறையின் லாரி பேர்டும் முன்அனுபவம் இல்லாமல்தான் 1997-ல் இந்தியானா பேசர்ஸுக்குப் போனார். முதல் சீசனிலேயே 58 வெற்றி, சிறந்த பயிற்சியாளர் விருது, 2000-ல் இறுதிச்சுற்று. வித்தியாசம் எங்கே என்றால், தாக்குதல் ஆட்டத்தை ரிக் கார்லைலிடமும் தடுப்பாட்டத்தை டிக் ஹார்ட்டரிடமும் ஒப்படைத்தார். தனக்கு வராததை வருபவரிடம் விட்டுவிட்டு, அணியை நடத்துவதைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். புகழ் பெற்றவர்களுக்கு இது அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

கேள்வி: ஸ்டீவ் கெர் விளையாடிய காலத்தில் நட்சத்திரமே இல்லையே! அவர் பயிற்சியாளராக எப்படி இவ்வளவு வென்றார்?

பதில்: நட்சத்திரமாக இல்லாததே அவருக்கு முதலீடு என்பேன். 1988 டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 50-வது ஆளாக ஃபீனிக்ஸ் சன்ஸ் அவரை எடுத்தது. 910 லீக் ஆட்டங்களில் சராசரி 6 புள்ளிதான். ஆனால் மூன்று புள்ளி எறிதலில் 45.4 சதவீதம், என்.பி.ஏ. வரலாற்றில் அதுவே உச்சம். வீரராக ஐந்து பட்டங்கள்: சிகாகோ புல்ஸுடன் 1996, 97, 98, சான் அன்டோனியோ ஸ்பர்ஸுடன் 1999, 2003.

ஆட்டத்தின் பெரும்பகுதி அவருக்குப் பெஞ்சில்தான் கழிந்தது. சிகாகோவில் அந்தப் பெஞ்சின் தலைமாட்டில் ஃபில் ஜாக்சன், சான் அன்டோனியோவில் கிரெக் போபோவிச். இந்த இரண்டு பேர் எப்போது ஆளை மாற்றுகிறார்கள், எப்போது வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார்கள் என்பதை ஆண்டுக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவர் கெர். 2003-ல் ஓய்வு. அதன்பின் தொலைக்காட்சி வர்ணனை. 2007 முதல் 2010 வரை சன்ஸ் அணியின் பொது மேலாளர். அதாவது சம்பளக் கணக்கு, வீரர் பரிமாற்றம் எல்லாம் பார்த்துவிட்டு, 2014-ல்தான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸில் தலைமைப் பயிற்சியாளர். முதல் சீசனில் 67 வெற்றி, பட்டமும் சேர்த்து. பிறகு 2017, 2018, 2022-லும் பட்டம்.

2015 இறுதிச்சுற்றில் கிளீவ்லாந்திடம் வாரியர்ஸ் 1-2 எனப் பின்தங்கியிருந்தது. முந்தைய ஆண்டு இறுதிச்சுற்றின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்த நிக் யூரென் என்ற இளம் உதவியாளர் ஒரு யோசனை சொன்னார்: வளையத்தருகே ஆடும் உயரமான சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்து, ஆண்ட்ரே இகுவோடாலாவை ஆரம்ப ஐவரில் இறக்கலாம். கெர் கேட்டுக்கொண்டார். நான்காவது ஆட்டம் 103-82. தொடர் 4-2. இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் விருது இகுவோடாலாவுக்கே போனது. யோசனை யாருடையது என்பதை கெர் ஊரறியச் சொன்னார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே ஆள் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருக்க முடியுமா?

பதில்: முன்பு முடிந்தது. பில் ரஸ்ஸல் 1966 முதல் 1969 வரை பாஸ்டன் செல்டிக்ஸில் இரண்டு வேலையும் பார்த்து, 1968, 1969 பட்டங்களை வென்றார். என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரும் அவரே. லென்னி வில்கன்ஸ் சியாட்டிலிலும் போர்ட்லாந்திலும் அப்படி இருந்தார். இப்போது வழியில்லை. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. பயிற்சியாளர் சம்பளம் அந்தக் கணக்கில் வராது. வீரருக்குப் பயிற்சியாளர் என்ற பெயரில் கூடுதல் பணம் தரும் ஓட்டையை அடைக்கவே தடை.

கேள்வி: ஓய்வு பெறும் வீரர் முதலில் எந்த வேலையில் சேர்வது நல்லது? நேரடியாகத் தலைமைப் பதவி கிடைத்தால் வேண்டாம் என்பதா?

பதில்: கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்! ஜேசன் கிட் 2013 ஜூனில் ஓய்வை அறிவித்த சில நாட்களிலேயே புரூக்ளின் நெட்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஆனால் என் ஓட்டு வீடியோ அறைக்குத்தான். எரிக் ஸ்போல்ஸ்ட்ரா என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 1995-ல் மயாமி ஹீட்டில் வீடியோ வேலைக்குச் சேர்ந்தவர், 2008-ல் தலைமைப் பயிற்சியாளர், 2012, 2013-ல் பட்டம்.

வீடியோ வேலை என்றால் ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்பது அல்ல. ஒவ்வொரு பந்துவசத்துக்கும், அதாவது ஒரு அணியிடம் பந்து இருக்கும் ஒவ்வொரு முறைக்கும், ஒரு வரி எழுத வேண்டும்: ஆட்டக் கடிகாரம், ஷாட் கிளாக் (எறிவதற்குள்ள கெடு), என்ன உத்தி, எதிரணி எப்படித் தடுத்தது, முடிவு என்ன. பிக் அண்ட் ரோல் (பந்துக்காரருக்காகச் சக வீரர் தடுப்பாளரை மறித்து நின்றுவிட்டுக் கூடையை நோக்கித் திரும்பும் உத்தி) வந்தால், தடுக்கும் அணியின் பெரிய ஆள் பின்வாங்கி வளையத்தைக் காத்தாரா (டிராப்), முன்னால் பாய்ந்து பந்துக்காரரை மறித்தாரா (ஹெட்ஜ்), இருவரும் ஆளை மாற்றிக்கொண்டார்களா (ஸ்விட்ச்) என்று குறிக்க வேண்டும். வீரராக இருந்தவர் இங்கே செய்யும் வழக்கமான தவறு, பந்தையே பார்ப்பது. முதல் முறை பந்தோடு போங்கள். இரண்டாம் முறை பந்து இல்லாத பக்கத்தை மட்டும் பாருங்கள். எளிதாக விழுந்த கூடைகளில் பலவற்றுக்குக் காரணம் அங்கே, பந்து வருவதற்கு இரண்டு நொடி முன்பு, ஒருவர் நிமிர்ந்து நின்றதாக இருக்கும்.

அணிக்குக் காட்டும்போது 12 துண்டுகளுக்கு மேல் வேண்டாம், எட்டு நிமிடம் தாண்ட வேண்டாம். ஒரே பிழையை மூன்று வேறு ஆட்கள் செய்வதாகக் காட்டினால் பாடம். ஒரே ஆள் மூன்று முறை செய்வதாகக் காட்டினால் அவமானம். அதைத் தனியாக அழைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: டைம் அவுட்டில் அந்தச் சின்னப் பலகையில் என்னதான் வரைகிறார்கள்? அந்த நேரத்தில் யாருக்காவது புரியுமா?

பதில்: பாதிக்குப் பாதி புரிவதில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் வரைபவர்தான். ஆட்டத்தை நிறுத்திப் பேசக் கிடைக்கும் டைம் அவுட் என்.பி.ஏ.வில் 75 நொடி. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி 60 நொடி, 50-ஆவது நொடியிலேயே எச்சரிக்கை மணி அடித்துவிடும். வீரர்கள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் முதல் 15 நொடியில் பயிற்சியாளர் உதவியாளர்களோடு தள்ளி நின்று ஒரே முடிவுக்கு வர வேண்டும். மிஞ்சுவது 35, 40 நொடி. அதில் தாக்குதலுக்கு ஒரு செய்தி, தடுப்புக்கு ஒரு செய்தி. மூன்றாவது செய்தி சொன்னால் முதலாவது மறந்துபோகும்.

பலகையை வீரர்கள் பக்கம் திருப்பிப் பிடித்து, அவர்கள் தாக்கப்போகும் கூடை எந்தத் திசையில் இருக்கிறதோ அதே திசையில் வரையுங்கள். புதியவர்கள் தங்கள் பார்வையில் வரைந்துவிடுவார்கள். வலது மூலைக்குப் போக வேண்டியவர் இடது மூலையில் நிற்பார். எண்ணைச் சொல்லாமல் ஆளின் பெயரைச் சொல்லுங்கள். கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தைக் களத்துக்குள் போடுபவருக்கு ஐந்து நொடிதான் என்பதால், முதல் ஆள் அடைபட்டால் அடுத்து யார் என்பதையும் வரைந்தாக வேண்டும். எழும்புவதற்கு முன் மூன்று கேள்வி: மிச்சம் எத்தனை டைம் அவுட், எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கொடுக்காமல் இன்னும் எத்தனை ஃபவுல் செய்யலாம், கூடை விழாவிட்டால் தடுக்கத் திரும்பி ஓடுவது யார். கடைசிக் கேள்வியை விட்டதால் போன ஆட்டங்கள் அதிகம்.

கேள்வி: ஐயா, பத்தாண்டு ஆடிவிட்டு இப்போது இளைஞர் அணிக்குப் பயிற்சி தருகிறேன். செய்து காட்டினால் வியப்பாகப் பார்க்கிறார்கள். ஆனால் திரும்பச் செய்வதில்லை. எங்கே பிழை?

பதில்: செய்து காட்டுவதில்தான். வேகமாகச் செய்து காட்டினால் கண்ணுக்கு விருந்து, காலுக்கு ஒன்றுமில்லை. எறியத் தயாராக நிற்பவரை நோக்கித் தடுப்பாளர் ஓடும் குளோஸ் அவுட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு பங்கு தூரம் முழு வேகம். மிச்சத்தில் சின்னச் சின்ன அடிகள், இடுப்பு கீழே, ஒரு கை மேலே, எடை பின்னங்காலுக்குச் சாய்ந்து. உங்கள் உடல் இதை ஒரே அசைவாகச் செய்கிறது. பார்ப்பவருக்கு எங்கே வேகம் குறைந்தது என்றே தெரியாது. அந்த இடத்தில் தரையில் ஒரு நாடா ஒட்டுங்கள். நாடாவைத் தாண்டியதும் ஷூ சத்தம் ‘டப் டப் டப்’ என்று கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். சத்தம் கேட்காவிட்டால் ஒரே எட்டில் பாய்ந்திருக்கிறார். எதிராளி பொய்யாக எறிவதுபோல் காட்டினாலே அவர் பறந்துவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு திருத்தம் போதும். இன்று காலடி என்றால் கையைப் பற்றிப் பேசாதீர்கள், கை எங்கே இருந்தாலும்.

90 நிமிடப் பயிற்சியை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: உடலைச் சூடாக்க 10, எறிதல் 15, நான்குக்கு நான்கு தடுப்பு 20, ஐவருக்கு ஐவர் ஆட்டம் 25, கடைசி நிமிடச் சூழல்கள் 10, களைத்த நிலையில் ஃப்ரீ த்ரோ 10. ஒரு விளக்கம் ஒரு நிமிடம் தாண்டினால் வியர்வை ஆறிவிடும். ஒரே கூடைக்கு எட்டுப் பேர் வரிசையில் நின்றால் ஏழு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். மூவர் மூவராகப் பிரியுங்கள்.

கேள்வி: பெண் வீராங்கனைகளுக்கு இந்தப் பாதை திறந்திருக்கிறதா?

பதில்: பெக்கி ஹாமன் திறந்தார். பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் ஆட்டக்காரரான அவருக்கு 2013-ல் முழங்கால் தசைநார் கிழிந்தது. குணமாகும் காலத்தில் ஸ்பர்ஸ் அணியின் பயிற்சிகளிலும் கூட்டங்களிலும் போய் உட்கார்ந்தார். 2014-ல் அங்கேயே முழுநேர உதவிப் பயிற்சியாளர். 2020 டிசம்பர் 30 அன்று போபோவிச்சை நடுவர் ஆட்டத்திலிருந்து வெளியேற்றியபோது அணியை நடத்தினார், என்.பி.ஏ. ஆட்டமொன்றில் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பில் நின்ற முதல் பெண். 2022-ல் பெண்கள் அணியான லாஸ் வேகஸ் ஏசஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய் முதல் சீசனிலேயே பட்டம், அடுத்த ஆண்டும் பட்டம். காயத்தால் உட்கார நேர்ந்த வீரர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: கட்டுப் போட்ட காலோடு பெஞ்சில் பயிற்சியாளருக்குப் பக்கத்து இடத்தைப் பிடியுங்கள்.

கேள்வி: டைம் அவுட் தீர்ந்துபோனதால் ஒரு பயிற்சியாளர் வேண்டுமென்றே குளிர்பானத்தைக் கொட்டினாராமே? நிஜமா?

பதில்: நிஜம். மேலே சொன்ன அதே ஜேசன் கிட். 2013 நவம்பர், லேக்கர்ஸுக்கு எதிரான ஆட்டம். 8.3 நொடி மிச்சம், நெட்ஸ் பின்தங்கியிருந்தது. தன் வீரர் மேல் இடிபட்டுக் கோப்பை சிந்த, களத்தைத் துடைக்கும் நேரத்தில் உதவியாளர் ஒரு உத்தியை வரைந்து முடித்தார். லீக் 50,000 டாலர் அபராதம் போட்டது. அந்த உத்தியில் பால் பியர்ஸ் எறிந்த பந்து உள்ளே போகவில்லை.