ஐஸ் கொட்டாத பிரிட்ஜ்: யாழ்ப்பாணத்து வீடுகளில் இருந்து வந்த கேள்விகள்

கதவில் உள்ள நெம்புகோலை அழுத்தினால் ஐஸ் விழும் இரட்டைக் கதவுப் பிரிட்ஜ்களைப் பற்றித்தான் இப்போது என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். பிரிட்ஜ் திருத்துகிறவன் என்ற முறையில், வீட்டிலேயே செய்யக்கூடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். எதைத் தொடுவதென்றாலும் முதலில் பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றுங்கள், பின்னால் வரும் தண்ணீர்க் குழாயின் வால்வைப் பூட்டுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்குறூ டிறைவர்.

கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, பிரிட்ஜ் வாங்கி நாலு மாதம். ஐஸ் சின்னதாக, நடுவில் ஓட்டையாக விழுகிறது. பார்க்க வந்தவர் ஐஸ் செய்யும் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார். எங்கள் தண்ணீர்த் தாங்கி நிலத்தில் இருந்து 20 அடி உயரத்தில் இருக்கிறது.

மாற்ற வேண்டாம் தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கள். தாங்கியின் உயரத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள், நோயும் அங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் ஒரு அடி உயரத்தில் நின்றால் 0.43 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை இறாத்தல் என்ற அளவு) அழுத்தம் கிடைக்கும். 20 அடிக்கு ஒன்பதுகூட வராது. பிரிட்ஜோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். குறைந்தது 20 என்று போட்டிருக்கும், சில மாடல்களுக்கு 35, 40 என்றும் இருக்கும். இவை நகரக் குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் வரும் நாடுகளை நினைத்துச் செய்தவை. எங்களுக்குக் கிணறு, மோட்டர், தாங்கி. வெறும் உயரத்தாலே 20 பி.எஸ்.ஐ. வேண்டும் என்றால் தாங்கியை 46 அடிக்கு ஏற்ற வேண்டும்.

ஐஸ் தட்டுக்குத் தண்ணீர் விடும் வால்வு சில விநாடிகள்தான் திறக்கும். அழுத்தம் இல்லாவிட்டால் அந்த நேரத்துக்குள் தட்டு நிறையாது. அதுதான் உங்கள் ஓட்டை ஐஸ்.

ஒரு சோதனை செய்யுங்கள். பிரிட்ஜின் தண்ணீர் வாயில் ஒரு கோப்பையைப் பிடித்து 10 விநாடி எண்ணுங்கள். ஏறக்குறைய 170 மில்லிலீற்றர் வர வேண்டும். பாதிதான் வந்தால் ஐஸ் செய்யும் பகுதியில் பிழை இல்லை. ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிவிட்டு, அதன் இடத்துக்கான மூடி இருந்தால் அதைப் போட்டும் பாருங்கள். அப்போது வேகம் கூடினால் வடிகட்டி அடைபட்டிருக்கிறது. கூடாவிட்டால், ஆர்.ஓ. தண்ணீர் வடிகட்டிகளுக்கு (மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ளிச் சுத்தம் செய்பவை) பாவிக்கும் சின்னப் பம்பு ஒன்றைக் குழாயில் இடையில் பூட்டுங்கள். அழுத்தம் ஏறியதும் தானாக நிற்கும் சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் வால்வு மூடிய பிறகும் பம்பு முக்கிக்கொண்டே இருக்கும்.

வேலணையில் இருந்து ஒரு தம்பி: எங்களுக்கு ஐஸே வரவில்லை. தட்டுக்கு மேலே உள்ள வெள்ளைக் குழாய்க்குள் ஐஸ் இறுகிக் கிடக்கிறது.

இதுவும் மேலே சொன்னதன் பிள்ளைதான். அந்த வால்வு இறுக மூடுவதற்கே தண்ணீரின் அழுத்தம் உதவ வேண்டும். அழுத்தம் குறைந்தால் சொட்டுச் சொட்டாகக் கசியும், கசிந்தது குழாய்க்குள்ளேயே உறையும். தலைமயிர் உலர்த்தியைக் குறைந்த சூட்டில் தூரத்தில் பிடித்து இளக்குங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். கத்தியால் குத்த வேண்டாம், நெருப்புக் காட்டவே வேண்டாம். இளக்கிய பிறகும் ஒரு கிழமைக்குள் திரும்ப உறைந்தால், அழுத்தத்தைப் பாருங்கள். அழுத்தம் சரியென்றால் வால்வை மாற்றுங்கள்.

சுன்னாகத்தில் இருந்து ஒரு ஐயா: வால்வு மாற்றி ஒரு வருடம் ஆகவில்லை, திரும்ப அடைத்துவிட்டது. தரமில்லாத சாமானா?

சாமானைக் குறை சொல்ல முன்னர் உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள் ஐயா. வெள்ளையாகப் படிந்திருக்கும். எங்கள் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. வால்வின் வாயில் குழாயைக் கழற்றினால் விரல் நுனி அளவு வலை ஒன்று தெரியும். அதைச் சின்னச் சாவணத்தால் மெல்ல எடுத்து, வினாகிரியில் ஒரு மணி நேரம் ஊறவிட்டுப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். திரும்பப் போட மறக்க வேண்டாம். வலை இல்லாமல் ஓடவிட்டால் மண் போய் வால்வுக்குள் இருக்கும்.

பிரிட்ஜுக்குள் உள்ள கரி வடிகட்டி சுண்ணாம்பை எடுக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினாலும் எடுக்காது.

நெல்லியடியில் இருந்து ஒரு அக்கா: அழுத்தினால் 'உம்' என்று சத்தம் மட்டும் வருகிறது. ஐஸ் விழவில்லை. அடிக்கடி கரண்ட் போகிற இடம் எங்களது.

கரண்ட் போனதும் பெட்டிக்குள் உள்ள ஐஸ் மேலால் கொஞ்சம் உருகும். வந்ததும் எல்லாம் ஒட்டி ஒரே பாறையாகும். 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் நான் இதைத்தான் தினமும் பார்த்தேன். உள்ளே சுருள் கம்பி ஒன்று சுற்றித்தான் ஐஸைத் தள்ளும். பாறைக்குள் அது எப்படிச் சுற்றும்? மோட்டர் முக்குகிறது, அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்கிறது. தொடர்ந்து அழுத்த வேண்டாம் அக்கா, மோட்டர் எரியும், இல்லாவிட்டால் பற்சில்லு தேயும்.

ஐஸ் பெட்டியை அப்படியே வெளியே எடுத்து (கொஞ்சம் தூக்கி முன்னுக்கு இழுத்தால் வரும்) தண்ணீர்த் தொட்டியில் வைத்து முழுக்க உருகவிடுங்கள். பெட்டியை வடிவாகத் துடையுங்கள், ஈரம் இருந்தால் திரும்ப ஒட்டும். வெறும் பெட்டியை வைத்து ஒருமுறை அழுத்துங்கள். சுருள் சுற்றினால் மோட்டர் நலம். சுற்றாமல் உறுமினால் மட்டும் மோட்டரைக் கழற்றுங்கள். இனிமேல் நீண்ட நேரம் கரண்ட் போனால், வந்த உடனே பெட்டியைக் கொட்டிவிடுங்கள். அந்த ஐஸை நினைத்துக் கவலைப்படாதீர்கள்.

சாவகச்சேரி: ஐஸ் விழும் வாயில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது, சுற்றிவரப் பனி.

வாயின் உள்ளே ஒரு சின்னக் கதவு உண்டு. ஐஸ் விழுந்து சில விநாடியில் அது மூட வேண்டும். உடைந்த ஐஸ் துண்டு ஒன்று அதன் விளிம்பில் சிக்கினாலும் போதும், எங்கள் ஈரக்காற்று உள்ளே போய்ப் பனியாகும். வெந்நீர்த் துணியால் விளிம்பையும் றப்பரையும் துடையுங்கள். றப்பர் கிழிந்திருந்தால் அந்தக் கதவை மட்டும் மாற்றலாம்.

மானிப்பாய்: பெரியம்மா கனடாவில் இருந்து கப்பலில் அனுப்பிய பிரிட்ஜ். டிரான்ஸ்போமர் போட்டிருக்கிறோம். ஆனால் ஐஸ் தட்டு நிரம்பி வழிந்து எல்லாம் ஒட்டுகிறது.

டிரான்ஸ்போமர் 230 வோல்ட்டை 120 ஆக்கும். ஆனால் அங்கே மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. அதை டிரான்ஸ்போமர் மாற்றாது. பழைய வகை ஐஸ் மேக்கரில் நேரத்தை அளப்பது மின்சாரத்தின் சுழற்சியோடு ஓடும் சின்ன மோட்டர். அங்கே 7.5 விநாடி தண்ணீர் விட்டது இங்கே 9 விநாடி விடும். தட்டு கேட்பது சுமார் 140 மில்லிலீற்றர், நல்ல அழுத்தம் இருந்தால் 168 போகும். உங்கள் வீட்டில் பம்பும் போட்டிருந்தால், அந்தக் கூடுதல் நேரம்தான் காரணம். ஐஸ் மேக்கரின் முன் மூடியைக் கழற்றினால் கூட்டல், கழித்தல் குறியோடு ஒரு ஸ்குறூ இருக்கும். கழித்தல் பக்கம் அரைச் சுற்று திருப்பி, ஒரு நாள் பாருங்கள். ஒரேயடியாகத் திருப்ப வேண்டாம்.

கொம்பிரசரும் இங்கே மெதுவாக, கூடுதல் சூட்டோடு ஓடும். பின்பக்கம் சுவரில் இருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். இனி யாராவது அனுப்பக் கேட்டால், அந்தக் கப்பல் கூலியில் இங்கேயே ஒன்று வாங்கச் சொல்லுங்கள் என்பதே என் கருத்து.

உரும்பிராய்: எதை அழுத்தினாலும் ஒன்றுமே இல்லை, சத்தமும் இல்லை.

முகப்பில் பூட்டுப் படம் எரிகிறதா? அதை மூன்று விநாடி அழுத்துங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் பாதி நேரம் இதுதான். இல்லையென்றால் கதவுச் சுவிட்சைப் பாருங்கள், கதவு திறந்திருப்பதாக அது நினைத்தால் ஐஸ் தராது. அதுவும் சரியென்றால் நெம்புகோலுக்குப் பின்னால் உள்ள சின்னச் சுவிட்சை மல்டிமீட்டரால் சோதியுங்கள். அழுத்தும்போது தொடர்பு கிடைக்க வேண்டும், விட்டால் போக வேண்டும்.

கொக்குவில்: காஸும் நானே நிரப்பலாமா?

வேண்டாம். புதியவற்றில் பலவற்றில் குளிரூட்டும் காஸாக ஆர் 600ஏ இருக்கிறது, அது தீப்பற்றும் வாயு. ஐஸ் பகுதியோடு நில்லுங்கள்.

திருநெல்வேலி: கோயில் தாகசாந்திக்கு எங்கள் பிரிட்ஜ் ஐஸைக் கொடுக்கலாமா? கிணற்றுத் தண்ணீர்தான்.

சுற்றிவரத் தோட்டம் செய்கிற இடமென்றால் தண்ணீரை முதலில் சோதிக்கக் கொடுங்கள். பசளையில் இருந்து வரும் நைட்ரேட் எங்கள் கிணறுகளில் பலவற்றில் உண்டு. கொதிக்க வைத்தாலும், உறைய வைத்தாலும், கரி வடிகட்டியில் விட்டாலும் அது போகாது. கைக்குழந்தைக்குப் பால் கரைக்க அந்தத் தண்ணீர் கூடவே கூடாது. ஆர்.ஓ. தண்ணீரைப் பிரிட்ஜுக்குக் கொடுத்தால் பெருமளவு குறையும், சுண்ணாம்பும் போகும், ஐஸும் தெளிவாக வரும். ஆனால் ஆர்.ஓ. வடிகட்டிக்குப் பிறகும் அழுத்தம் விழும், அதற்கும் பம்பு வேண்டும். குழாயை மாற்றிய பிறகு முதல் இரண்டு பெட்டி ஐஸையும் வாழைக்குக் கொட்டிவிட்டு, மூன்றாவதைக் கொண்டுபோங்கள்.