யாரும் தொடாத வசதியைத் தூக்கிவிடலாமா?

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறிய 2டி அனிமேஷன் மென்பொருளை நடத்துகிறோம். மெனு நீண்டுகொண்டே போகிறது. லிப் சிங்க் (பேச்சுக்கேற்ற வாயசைவு), எக்ஸ்-ஷீட் (ஃபிரேம் வாரியான டைமிங் தாள்) அச்சிடுவது, எஸ்டபிள்யூஎஃப் (ஃபிளாஷ் கோப்பு) ஏற்றுமதி மூன்றையும் மிகச் சிலரே தொடுகிறார்கள். அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாமா?

பதில்: ஒன்றை எடுக்கலாம், ஒன்றை ஒளித்து வைக்கலாம், ஒன்றின் மேல் கை வைக்கவே கூடாது. எது எது என்று சொல்வதற்கு முன், 'எத்தனை பேர் தொடுகிறார்கள்' என்ற கணக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அனிமேஷனில் அந்தக் கணக்கு ஏமாற்றும். அசைவின் முக்கிய நிலையைக் குறிக்கும் கீஃப்ரேம் பொத்தானை ஒருவர் நாளைக்கு நூறு தடவை அழுத்துவார், லிப் சிங்கை ஒரு காட்சிக்கு ஒரே தடவைதான் திறப்பார், ஆனால் அந்த ஒரு தடவை அது இல்லையென்றால் வாயசைவை ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார வேண்டியதுதான்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. இந்த வசதியை உயிரோடு வைத்திருக்க உங்களுக்கு எவ்வளவு செலவாகிறது? எடுத்துவிட்டால் பழைய கோப்பு திறக்குமா?

பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளைப் பாருங்கள். 2019-இல் வந்த 2.80 பதிப்பில் காட்சியைப் படமாக்கும் பழைய ரெண்டர் எஞ்சினையும், விளையாட்டுகளை ஓட்டும் கேம் எஞ்சினையும் ஒரேயடியாக எடுத்தார்கள். கேம் எஞ்சினுக்கென்று ஒரு கூட்டம் இருந்தது, அவர்களுக்கு வருத்தம்தான், ஆனால் மூல நிரல் திறந்தே இருந்ததால் யுபிபிஜிஇ என்ற தனிக் கிளையில் அதைத் தொடர்ந்து நடத்திக்கொண்டார்கள். 5.0-இல் கொலாடா என்ற 3டி கோப்பு வடிவத்துக்கான ஆதரவு போனதற்குக் காரணம் அது நம்பியிருந்த நூலகத்தைப் பல வருடங்களாக யாரும் பராமரிக்காததுதான். அதையும் 'பழையது' என்று முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டு, அப்புறம்தான் எடுத்தார்கள்.

எனக்கு இதைவிடப் பாடமாகத் தெரிவது 2024-இல் வந்த 4.1 பதிப்பு. மேற்பரப்பில் கோலங்களை உருவாக்கும் மஸ்கிரேவ் டெக்ஸ்சர் நோடை எடுத்து, அதே வகையான நாய்ஸ் டெக்ஸ்சருக்குள் கரைத்துவிட்டார்கள். பழைய கோப்பைத் திறந்தால் தானாக மாறிவிடும், அதனால் பெரிய கூச்சல் இல்லை. அதே பதிப்பில் மாடலை வழவழப்பாகக் காட்டும் ஆட்டோ ஸ்மூத் என்ற ஒரு டிக் பெட்டியை எடுத்து மாடிஃபையராக, அதாவது மாடலின் மேல் வரிசையாக அடுக்கும் கருவிகளில் ஒன்றாக, மாற்றினார்கள். பழைய கோப்புகளை அங்கேயும் மாற்றித்தான் கொடுத்தார்கள், ஆனாலும் திட்டு விழுந்தது. ஏன்? ஒரு கிளிக்கில் முடிந்த வேலை இப்போது மாடிஃபையர் வரிசையில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று யோசிக்க வைத்தது, அதோடு பழைய அமைப்பை நம்பி எழுதிய ஆட்-ஆன்களும் (தனியே சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களும்) உடைந்தன. கோப்பு திறந்தால் மட்டும் போதாது, கை பழகிய வழியும் பிழைக்க வேண்டும்.

சரி, உங்கள் மூன்றுக்கு வருவோம். எஸ்டபிள்யூஎஃப் ஏற்றுமதியைத் தயங்காமல் எடுங்கள். ஃபிளாஷ் பிளேயருக்கு அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவை நிறுத்தி, அடுத்த மாதமே அதில் கோப்புகள் ஓடாமலும் தடுத்துவிட்டது. ஆனால் எஸ்டபிள்யூஎஃப் இறக்குமதி உங்களிடம் இருந்தால் அதை விட்டு வையுங்கள். பழைய வேலைகள் பலருடைய ஹார்ட் டிஸ்கில் அந்த வடிவத்தில்தான் தூங்குகின்றன. நானே ஒரு தடவை பல வருடம் முந்தைய கதாபாத்திரம் ஒன்றைத் திரும்ப எடுக்கப் போய், புதிய பதிப்பு திறக்க மறுத்து, பழைய பதிப்பின் இன்ஸ்டாலரைத் தேடி நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டிருக்கிறேன்.

எக்ஸ்-ஷீட் அச்சிடுவதை ஒரு ஆட்-ஆனாக வெளியே நகர்த்துங்கள். காகிதத்தில் வரைபவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அவர்களுக்கு டைமிங் தாள் இல்லாமல் வேலை ஓடாது. முதல் பதிப்பில் ஆட்-ஆன் கூடவே வரட்டும், அணைத்து வைத்தால் போதும். அதை எடுத்துப் போட்டுக்கொள்பவர்கள் யார் என்று பார்த்து, அவர்களில் நிரல் எழுதத் தெரிந்த ஒருவரிடம் பொறுப்பைக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், பாதிச் சுமை குறையும்.

லிப் சிங்கைத் தொடாதீர்கள். அதை யாரும் தேடவில்லை என்றால், நான்காவது துணை மெனுவுக்குள் நீங்கள் அதை எங்கே புதைத்து வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.