இவருக்குப் பதில் இவர்

வணக்கம் ஐயா,

என் மாமியாருக்கு 74 வயது. சிங்கப்பூரில், தெம்பனிசில் எங்களோடு இருக்கிறார். சென்னையில் எடுக்கும் ஒரு தொடரை மூன்று வருடமாக ஒரு நாள் விடாமல் பார்க்கிறார். போன மாதம் அதில் மூத்த மருமகளாக நடித்த பெண்ணைத் திடீரென்று மாற்றிவிட்டார்கள். "அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு, உடம்புக்கு ஏதாவதா" என்று அத்தை ஒரே புலம்பல். என் மகளை விட்டுத் தயாரிப்பு நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மரியாதையாகக் கேட்கச் சொன்னோம். பதில் இல்லை. இரண்டாவது முறை கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்கள். அதே வாரம் ஒரு யூடியூப் பேட்டியில் அந்தத் தயாரிப்பாளர் "ரசிகர்கள்தான் எங்களுக்குத் தெய்வம்" என்கிறார். தெய்வத்தை யாராவது பிளாக் செய்வார்களா? நீங்கள் நாடகத்துக்கு வசனம் எழுதியவர் என்பதால் கேட்கிறேன்.

சு., தெம்பனிஸ்

அன்புள்ள சு.,

தெய்வத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதுதானே கோயில் வழக்கம். அவர் சொன்னதில் பிழையில்லை.

முதலில் அத்தையிடம் சொல்லுங்கள், அந்தப் பெண் நன்றாகத்தான் இருப்பார். இப்படி ஆள் மாறுவதற்குப் பெரும்பாலும் கால்ஷீட் தகராறு, சம்பளம், கல்யாணம், பிள்ளைப்பேறு, சினிமா வாய்ப்பு என்று ஏதாவது ஒன்றுதான் காரணமாக இருக்கும். எதைச் சொன்னாலும் இன்னொரு பஞ்சாயத்து கிளம்பும் என்று இரண்டு தரப்பும் வாயை மூடிக்கொள்ளும். உண்மையிலேயே ஏதாவது நடந்துவிட்டால் மறைக்க முடியாது. 2023 செப்டம்பர் 8 அன்று நடிகர் மாரிமுத்து 'எதிர்நீச்சல்' தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துபோனது அன்றைக்கே இங்குள்ள காப்பிக்கடை வரை தெரிந்துவிட்டது. பிறகு அந்த வேடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். அது ஏன் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சென்னைத் தொடர்காரர்கள் ரசிகர் பேச்சைக் கேட்பதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அன்றாடத் தொடருக்குக் கையிருப்பில் சில நாள் எபிசோடுகள்தான் இருக்கும். நினைத்தால் பத்து, பதினைந்து நாளில் கதையைத் திருப்பிவிடலாம், திருப்பவும் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் காதுக்கு எட்டுவது ஒரே ஒரு குரல். இந்தியா முழுக்க 50,000க்கும் மேற்பட்ட வீடுகளில், டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் பெட்டி இருக்கிறது. அந்த வீடுகளில் யார் எதைப் பார்த்தார்கள் என்ற கணக்கு வியாழக்கிழமைதோறும் வரும். வெள்ளிக்கிழமை கதை விவாதத்தில் மாமியார் நல்லவளாவதும் நாத்தனார் கெட்டவளாவதும் அந்த எண்ணைப் பொறுத்துத்தான்.

அந்தப் பெட்டி தெம்பனிசில் ஒரு வீட்டிலும் இல்லை. அத்தை அழுதுகொண்டே பார்த்தாலும், ரிமோட்டைத் தூக்கி எறிந்தாலும், அந்த எண்ணில் ஒரு புள்ளிகூட அசையாது. மாதாமாதம் நாம் கட்டும் சந்தாவும் மொத்தமாக ஒளிவழிக் (சேனல்) கட்டுக்குத்தான் போகிறது, தொடருக்கு இல்லை.

பிரிட்டனில் 2011 தொடக்கத்தில் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் ஒருத்தி தன் இறந்த குழந்தையை இன்னொருத்தியின் குழந்தையோடு மாற்றி வைக்கும் கதை வந்தது. ஆயிரக்கணக்கில் புகார் குவிந்ததும், திட்டமிட்டதைவிட முன்னதாகவே அந்தக் கதையை முடித்துவைத்தது பிபிசி. அங்கே பிபிசியை நடத்துவது வீட்டுக்கு வீடு கட்டும் லைசென்ஸ் பணம். (சிங்கப்பூரில் நாமும் அப்படி வருடத்துக்கு 110 வெள்ளி கட்டிக்கொண்டிருந்தோம். அதே 2011இல்தான் அதை நீக்கினார்கள். அப்போது யாருக்கும் வருத்தமில்லை, எனக்கும்தான்.) அதே வருடம் அமெரிக்காவில் ஏபிசி நிறுவனம் இரண்டு பழைய தொடர்களை நிறுத்துவதாக அறிவித்தபோது, ரசிகர்கள் ஒளிவழியை விட்டுவிட்டு விளம்பரதாரர்களைப் பிடித்தார்கள். ஹூவர் நிறுவனம் தன் விளம்பரத்தையே திரும்ப எடுத்துக்கொண்டது. தொடர்கள் என்னவோ நின்றுதான் போயின.

சரி, சிங்கப்பூரில் எடுக்கும் நாடகம்? 2008இல் இங்குள்ள தமிழ்த் தொலைக்காட்சியான வசந்தம் தனி ஒளிவழியான பிறகு இங்கே நாடகம் எடுப்பவர்கள் கூடினார்கள். நானும் இரண்டு தொடருக்கு வசனம் எழுதினேன். இங்கே ரசிகரை பிளாக் செய்ய முடியாது. அவர் நம் புளோக்கில் மூன்றாவது மாடியில் இருப்பார், இல்லாவிட்டால் எம்ஆர்டி ரயிலில் எதிர் இருக்கையில்.

ஒரு சனிக்கிழமை காலை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா வெண்டைக்காயின் நுனியை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "நீங்கதானே அந்த நாடகத்துக்கு எழுதுறது? அந்தப் பையன் எதுக்கு அம்மாவ விட்டுட்டுப் போறான்? அடுத்த வாரம் திரும்ப வர வெச்சுடுங்க தம்பி."

அந்தத் தொடரின் கடைசிக் காட்சியை எடுத்து முடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பையன் வரமாட்டான். அவனாக நடித்தவர் தாடிகூட வளர்த்துவிட்டார். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் சிரித்துக்கொண்டே "பார்க்கலாம்மா" என்றேன்.

தொடர் முடிந்ததும் கொஞ்ச நாள் தேக்கா பக்கம் போகவில்லை. மனைவி கேட்டதற்குக் கூட்டம் அதிகம் என்று சொல்லி வைத்தேன். பிறகு போனபோது அதே கடையில் அதே அம்மா. கோபப்படவில்லை. "முடியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. நான் ஒவ்வொரு வாரமும் அந்தக் கதவையே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். கதவு என்று அவர் சொன்னது நாடகத்து வீட்டின் கதவை. எங்கள் செட்டில் அதற்குப் பின்னால் வெறும் பலகையும் ஒரு மின்விசிறியும்தான் இருந்தன.

அதனால், உங்கள் தயாரிப்பாளர் பிளாக் செய்ததைவிடத் தெய்வம் என்று சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. பிளாக் செய்தவர் பேசப்போவதில்லை என்றாவது தெரிந்துவிடுகிறது. 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்', 'நாயகி யாரோடு சேர வேண்டும், வாக்களியுங்கள்' என்று கேட்கிறார்களே, அது நான் சொன்ன "பார்க்கலாம்மா" ரகம். பல சமயம் அந்தக் கல்யாணக் காட்சிக்கு மண்டபம் பேசி முடித்திருப்பார்கள்.

இந்த விஷயத்தில் பழைய காலத்து ஸ்லைடுமேல் எனக்கு மரியாதை உண்டு. புது ஆள் படியிறங்கி வரும்போது திரையில் ஒரு வரி: 'இவருக்குப் பதில் இவர்.' காரணம் கிடையாது, மன்னிப்பு கிடையாது, ஆனால் நம்மை ஏமாற்றவும் இல்லை. இதே வரியைக் கொஞ்சம் நீட்டி, 'சொந்தக் காரணங்களுக்காக விலகியிருக்கிறார், நலமாக இருக்கிறார்' என்று போட்டால் என்ன செலவாகிவிடும்? அத்தை அன்றைக்கே தூங்கியிருப்பார்.

இப்போதைக்கு ஒன்று செய்யலாம். கம்பெனியை விடுங்கள். அந்த நடிகையின் சொந்தப் பக்கத்தைப் பேத்தியிடம் தேடச் சொல்லுங்கள். கதையைப் பற்றிக் கேட்க வேண்டாம். '74 வயதுப் பாட்டி ஒருவர் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்' என்று மட்டும் எழுதட்டும். நடிகர்கள் இதற்குப் பதில் போடுவார்கள், குறைந்தது ஓர் இதயப் பொம்மையாவது வரும்.

வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். எங்கள் வீட்டிலும் அதே தொடர்தான் ஓடுகிறது.