போர் முடிந்து தடை எடுத்தால் சிறு மீனவர் தொழில் தானாகச் சீராகிவிடுமா?

கேள்வி இதுதான்: சண்டை ஓய்ந்து கடல் தடைகளும் நீங்கிய பிறகு, சிறு மீனவர்களின் வருமானம் ஏன் போருக்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்புவதில்லை?

வட இலங்கையை வைத்துச் சொல்கிறேன். தடையை எடுத்தால் போதும், மிச்சத்தை மீனவர் பார்த்துக்கொள்வார் என்றுதான் கொள்கை வகுப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் திறந்துவிட்ட கடலில் முதலில் இறங்குவது பெரிய இஞ்சினும் பெரிய மடி வலையும் அனுமதிக் கடிதமும் வைத்திருப்பவர்தான். பல வருடம் அகதி முகாமில் இருந்து, வள்ளமும் வலையும் இல்லாமல் திரும்பி வந்தவர் கடைசியாகத்தான் வருவார்.

அரசும் புலிகளும் செய்த 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். 90 நாளில் பகல், இரவுத் தொழில் தடைகள் படிப்படியாக நீங்கும் என்று அதில் இருந்தது. அடுத்த வரியிலேயே விதிவிலக்கு: கரையோரப் படைமுகாம்களின் இரு பக்கமும் 1 கடல் மைல், கடல் பக்கம் 2 கடல் மைல் தொழில் கிடையாது, துறைமுகம், குடா, கழிமுகங்களிலும் கிடையாது. தாளில் இது சின்னத் துண்டு. ஆனால் முகாம்கள் இருந்ததும் நல்ல இறங்குதுறைகள் இருந்ததும் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான். ஆழக்கடலுக்குப் போகும் படகுக்கு 2 மைல் பெரிய விஷயமில்லை. களங்கட்டியும் (ஆழமில்லாத கடலில் கம்பு நட்டுக் கட்டும் பொறிவலை) நண்டு வலையும் வைப்பவருக்கு அந்த 2 மைல்தான் முழுத் தொழிலும்.

2009இல் போர் முடிந்த பிறகு வந்த பெரிய அடி, தமிழகத்துக்கும் வட இலங்கைக்கும் இடையிலுள்ள பாக்கு நீரிணையில். போர்க்காலத்தில் வடக்கு மீனவர் இறங்க முடியாத கடலில் தமிழகத்தின் இழுவைப் படகுகள் தொழில் செய்து பழகின. இராமேஸ்வரம், நாகப்பட்டினக் கரையில் அந்தக் கடலை நம்பிக் கடன் வாங்கிப் படகு கட்டினார்கள். போர் முடிந்ததும் இந்த முதலீட்டுக்கு என்ன வழி என்று யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. இந்தக் கடல் ஆழம் குறைந்தது, பெரும்பகுதி 15 மீட்டருக்குள்தான். ஆகவே இழுவை மடி எங்கே போனாலும் தரையைத் தொட்டு வாரும்.

யாழ்ப்பாணத்தில் இந்த இழுவைப் படகுகளை றோலர் என்பார்கள். சிறு படகுக்காரர் சாயந்தரம் வலை விட்டு விடியற்காலை இழுப்பவர். வலை இரவெல்லாம் கடலில் நிற்கும், றோலர் இழுப்பதும் இரவில்தான். றோலரின் மடியும் அதை விரித்து வைக்கும் பலகையும் குறுக்கே போனால் மிதப்பும் ஈயமும் கயிறும் சேர்த்து மொத்த வலையும் போய்விடும். மிஞ்சிய துண்டைத் தைத்து எடுக்க முடியாது. இருட்டில் படகின் பதிவு இலக்கம் தெரியாததால் முறைப்பாடு கொடுத்தும் பலனில்லை.

அதனால் றோலர் வரும் திங்கள், புதன், சனி இரவுகளில் வலை விடாமல் இருந்துவிடுகிறார்கள். வாரத்தில் மிஞ்சுவது 4 இரவு, மாதத்துக்கு 17 போல. அதில் முழுநிலவுக் காலத்தைக் கழியுங்கள். வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகும். சோளகக் காற்றும் வாடைக் காற்றும் பலத்து வீசும் நாட்களையும் கழியுங்கள். பத்துப் பன்னிரண்டு இரவு மிஞ்சினால் பெரிது. அந்தச் சில இரவில் உழைத்துத்தான் வலைக்கடனும் அடைக்க வேண்டும். முற்பணம் தந்த வியாபாரிக்கே பிடியைக் கொடுக்க வேண்டியிருப்பதால் விலை பேசவும் முடியாது. தமிழகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வருமே, அப்போதுதான் இங்கே வாரம் முழுக்க வலை விட முடிகிறது.

பேச்சுவார்த்தை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2010இல் இரு கரை மீனவரும் நேரே பேசி, ஒரு வருடத்தில் இழுவையை நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். அரசுகள் அதற்குப் பணமும் ஒதுக்கவில்லை, மாற்றுத் தொழிலும் காட்டவில்லை. பேச்சு பேச்சாகவே நின்றது. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைத் தொழிலையே தடை செய்தது. குருநகர், பேசாலை போன்ற இடங்களில் உள்ளூர் றோலர்களும் இருந்ததால் அந்தச் சட்டம் அவசியம்தான். அதே வருடம் இந்தியா, இழுவையை விடுபவருக்கு மாற்றாக ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகுத் திட்டம் கொண்டுவந்தது. அப்போது படகு 80 லட்சம் இந்திய ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, மீனவர் 10. விடியலில் போய் மறுநாள் திரும்பியவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்க வேண்டும், பனிக்கட்டியும் எரிபொருளும் பெரும் செலவு. அதனால் பலர் சேரவில்லை. இலங்கைக் கடலில் கைதாகிச் சிறைக்குப் போவதும் பெரும்பாலும் கூலிக்கு ஏறியவர்தான், படகுக்காரர் கரையில் இருப்பார். அந்தத் தொழிலாளியைப் பகையாகப் பார்ப்பது நியாயமில்லை.

இனி கரை. யாழ்ப்பாண வடகரையின் மயிலிட்டித் துறைமுகம் 1990 முதல் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்து 2017 ஜூலையில்தான் விடப்பட்டது. 27 வருடத்தில் ஒரு தலைமுறை வேறு ஊர்த் துறைகளில் விருந்தாளியாக நின்று தொழில் செய்தது. கிளிநொச்சிக் கரைக்கு அப்பாலுள்ள இரணைதீவு மக்கள் 1992இல் வெளியேறியவர்கள். நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு 2018 ஏப்ரல் 23இல் தாங்களே படகேறிப் போய் இறங்கினார்கள். போர் முடிந்து 9 வருடம் ஆகியிருந்தது. கரையில் நின்று ஆட்கள் சேர்ந்து இழுக்கும் கரைவலைக்கு இந்தத் தாமதம் இன்னும் கொடியது. ஒவ்வொரு பாடும், அதாவது வலை இழுக்கும் கரைத்துண்டும், அனுமதிப்படி நடப்பது. ஊரார் அகதியாக இருக்கும்போது அனுமதி வேறொருவர் பெயருக்குப் போனால், திரும்பி வந்தவர் தன் ஊர்க் கரையிலேயே கூலிக்கு வலை இழுக்க வேண்டும். முல்லைத்தீவின் கொக்கிளாய்ப் பக்கத்துப் பிணக்குகளின் அடி இதுதான்.

எரிபொருளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. ஒரு பயணத்துக்கு 25 லிட்டர் எரிக்கும் படகுக்கு 2,175 ரூபாய் செலவு ஒரே நாளில் 8,500 ஆனது. அதே காலத்தில் 'அபிவிருத்தி' என்று, கடலட்டை என்ற கடல் உயிரியை வளர்க்கும் பண்ணைகள் பெருகின. அட்டை ஆழம் குறைந்த கரைக்கடலில் வளர்வது. பண்ணை அடைத்த இடம் சிறு வள்ளம் போகும் வழியும் களங்கட்டி நிற்கும் இடமும்தான். முதலும் காவலும் போடக்கூடியவருக்கு அது தொழில். அன்றாடம் நண்டும் இறாலும் பிடித்தவருக்கு இழப்பு.

இப்படி ஒரு கடலுக்குத் திட்டம் போடுபவர் முதல் செய்ய வேண்டியது, இடம்பெயர்வதற்கு முந்தைய பாடு, இறங்குதுறை, களங்கட்டி இடங்களைக் கடற்றொழிலாளர் சங்கப் பதிவேட்டைக் கொண்டு எழுதி எடுப்பது. அது முடியும்வரை புதிய அனுமதி எதுவும் கொடுக்கக் கூடாது. அடுத்தது வலைக்கான இழப்பீட்டு நிதி; படகை மட்டும் இலவசமாகக் கொடுத்து வலைக்குக் கடன் வாங்க விடுவதில் பயனில்லை. முன்னேற்றத்தை அளக்க, எத்தனை படகு கொடுத்தோம் என்பதைக் கேட்காதீர்கள். மாதத்தில் எத்தனை இரவு பயமில்லாமல் வலை விட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.